எண்ணூறு கிராம்

வேல்குமார் விசில் ஊதினால் எங்கள் கம்பெனி வரைக்கும் கேட்கும். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு. நான் அந்த நேரத்தில் ஸ்டீம் காலண்டரிங் மிஷின் முன்னால் நின்று, ஆவியில் வெந்து சுருக்கம் எடுபட்டு வரும் பனியன் துணியைப் பிடித்து மடித்துக்கொண்டிருப்பேன். அந்த விசில் என்னுடையது. தடை வந்த அன்றைக்கு டீம் பையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் வாயில் இருக்கிறது.

நல்லூர் பெண்கள் கபடி டீமுக்கு நான்தான் கோச்சாக இருந்தேன். எல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற, பிசிறு வெட்டுகிற பிள்ளைகள். ஐம்பத்தைந்து கிலோ பிரிவு. எடை பார்க்கிற அன்று யாராவது முந்நூறு நானூறு கிராம் கூட இருந்தால், விடியற்காலையில் இதே காலண்டரிங் ரூமுக்குக் கூட்டிவருவேன். ஸ்வெட்டரை மாட்டி மிஷின் பக்கத்தில் ஓடவிடுவேன். சொட்டுத் தண்ணீர் கிடையாது. நான் கதவுக்கு வெளியே வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வேறு ஊர் கோச் எவனுக்கும் இந்த யோசனை வராது என்று பெருமை வேறு.

இரண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில் சத்யப்பிரியா ஆட்டத்துக்கு நடுவில் விழுந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. கபடிச் சங்கக் கமிட்டி கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு வருஷத் தடை.

வயிற்றுப்பாட்டுக்கு அந்த ரூமிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். தடை முடிந்ததும் டீம் திரும்பக் கிடைக்குமா என்பதே எனக்கு நினைப்பு. "புள்ளைக யாரக் கேக்கறாங்களோ அவருதானுங்க கோச்," என்று கிளப் தலைவர் சிவசுப்பிரமணியம் சொல்லிவிட்டார்.

வேல்குமார் என்னிடம் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவன். தடைக் காலத்துக்கு அவன்தான் கோச். அவனுக்குக் கபடி பாதிதான் தெரியும். ஆனால் வீரபாண்டியில் ஜெயித்தான், நெருப்பெரிச்சலில் ஜெயித்தான். நான் டீக்கடை மறைவில் நின்று பார்ப்பேன். சத்யப்பிரியாவை ரைடு அனுப்பினான். இரண்டு வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் கார்னரிலேயே நிறுத்தியிருந்தேன். முதல் ரைடிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். பாதி டீயை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேஸ்ட் துணிக் கடைத் தராசில் பிள்ளைகளை ஏற்றி எடை பார்த்து, அதற்குத் தக்கபடி சாப்பாடு சொன்னான். "புள்ளைகள பண்டல் மாதிரி நிறுக்கான்," என்று மிஷின்காரர் மொக்கைச்சாமியிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீ அவிச்சே. அவன் நிறுக்கான்."

நவம்பரில் நல்லூரிலேயே ஃபைனல். ஷிப்மென்ட் அவசரம், ஞாயிறும் வேலை. காலை ஆறு மணிக்கு பாய்லரைப் பற்றவைத்துவிட்டு மொக்கைச்சாமி டீக்குப் போயிருந்தார். நதியா வந்து நின்றாள். நான் உருவாக்கிய ரைடர். எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை.

"அண்ணே, எண்ணூறு கிராம் கூட இருக்கேன்."

"ஒங்க சாருக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே பாத்துட்டாரு. 'நீ உக்காந்துக்க கண்ணு, தெய்வாத்தாள் ஆடட்டும்'ங்காரு. எனக்குப் பதிலா அவ கபடி பாடிப் போனா மூச்சு பாதிக் கோர்ட்டோட நின்னுரும்ணே." பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். "பத்து மணிக்கு எடை. நீங்க இருக்கியன்னுதான் வந்தேன்."

இந்த வார்த்தைக்காக ஒன்பது மாசம் காத்திருந்தேன். அவனால் ஆகாதது என்னால் ஆகும். இவள் ஆடி ஜெயித்தால் கப் யாருடையது? சாயங்காலத்துக்குள் நல்லூர் முழுக்கச் சொல்லிவிடுவேன். பிப்ரவரியில் பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள்? வால்வைத் திறந்தேன். ரூம் வெள்ளையானது. அவள் ஓட ஆரம்பித்தாள்.

ஓடிக்கொண்டே சொன்னாள்: "இத வேற யார்ட்டயும் போய்க் கேக்க முடியாதுண்ணே. நீங்கன்னாதான் செய்விய."

பாராட்டாகத்தான் சொன்னாள்.

இந்த முறை நான் கதவுக்கு வெளியே இல்லை. மிஷின் பக்கத்தில் என் இடத்தில் நின்றேன். சித்திரை மாசம் இதே இடத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நான் விழுந்தது ஞாபகம் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காது அடைக்கும். ஷிப்டுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், அப்படியும் மூத்திரம் மஞ்சளாகப் போகிறது. நதியாவின் உதடு வெளுக்க ஆரம்பித்தது.

வால்வை மூடினேன். என் கேனை நீட்டினேன். "குடி."

"குடிச்சா எடை ஏறும்ணே."

"ஏறட்டும். குடி."

அழுதுகொண்டே குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, "அவரு மேல உள்ள பொறாமையில என் ஆட்டத்தக் கெடுத்துட்டிய," என்றாள்.

பொறாமையில்தான் உள்ளே விட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். "வாங்க இசக்கி, டீ சாப்பிடறீங்களா?" என்ற வேல்குமார், நனைந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் நிறுத்தினான். "ரூமுக்குள்ள போனாளுங்களா?"

"பத்து நிமிஷம். நான்தான் விட்டேன்."

"சரீங்க," என்றான். திட்டியிருக்கலாம். அவளை நிழலில் உட்காரவைத்து எலுமிச்சைத் தண்ணீர் கலக்கப் போய்விட்டான்.

நான் கயிற்றுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தேன். தெய்வாத்தாளின் மூச்சு பாதிக் கோர்ட்டைத் தாண்டியது. சத்யப்பிரியா கடைசி ரைடில் ஒரு பாயிண்ட் கொண்டுவந்தாள். ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். வேல்குமாரைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், அவன் கழுத்தில் என் விசில் ஆடியது. தோற்றிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் சத்யப்பிரியா என்னிடம் வந்தாள். ஒன்பது மாசத்தில் முதல் தடவை.

"நதியாவுக்குத் தண்ணி குடுத்தீங்களாமா."

"ஆமா."

"எனக்குக் குடுக்கலீங்களே."

கேட்டுவிட்டு நடந்துபோனாள். பதிலுக்கு நிற்கவில்லை.

பிப்ரவரியில் பிள்ளைகள் வேல்குமாரைத்தான் கேட்டார்கள். நான் போய் அவனிடம் வேலை கேட்டேன். வெள்ளிக்கிழமை தராசில் எடை பார்த்து எழுதுகிற வேலையைக் கொடுத்தான். எழுதுகிறேன். எடை கூடியவளை வெளியே உட்காரச் சொல்கிறேன், திட்டு வாங்குகிறேன். அவன் விசில் ஊதும்போது வயிறு எரிகிறது, இப்போதும்.