சூடம் அணைக்காத கை

பளபளக்கிற ஷூ போட்டு வந்தவன் எவனும் தன் வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை என்பது வீராசாமியின் அனுபவம். அதனால் விஷால் தான் எழுதிக் கொண்டுவந்த விற்பனைப் பத்திரத்தின் நகலை நாற்காலியில் விரித்தபோது, அவர் வாசலில் கிடந்த அவன் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷால் தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் ஏஜெண்ட். பேத்தி மதிவதனிக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டைப் பிடித்து வைத்திருந்தான். அதற்கான பணத்துக்குத் திருநின்றவூர் ஏரிப்பக்கம் வீராசாமி பெயரில் கிடக்கும் மனையை விற்க வேண்டும். சென்னீர்குப்பத்து வாடகை வீட்டில் காலம் தள்ளும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமென்று இருந்தது அது ஒன்றுதான். மதிவதனியோ அரசுக் கல்லூரியில் பிசிக்ஸ் இடம் வாங்கிவிட்டு, நாளைக்கே போய்ச் சேருவேன் என்று நிற்கிறாள்.

"பிசிக்ஸுக்கு ஃபீஸு கம்மிதான் நைனா, ஒத்துக்கறேன்" என்றான் மகன் ஜெகதீசன். திருமழிசை கம்பெனியில் காண்ட்ராக்டில் நின்று நின்று அவன் கால் நரம்பெல்லாம் சுருண்டிருந்தது. "மூணு வருசம் அது, அப்பால மேல ரெண்டு வருசம், அப்பால பி.எட்டு. அது வரைக்கும் நான் மிஷின் முன்னாடி நின்னுகினே இருக்கணும். முடிச்சிட்டு வந்து நாலு பசங்களுக்கு டியூஷன் எடுக்கும். அதுக்கா இம்மாம் பாடு?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் கிழவருக்கும் பட்டது. ஆனால் விஷாலையும் விட மனசில்லை.

"மனைய வாங்கறது யாரு தம்பி?"

"நம்ம பார்ட்டிதான் அங்கிள்."

"சீட்டு விக்கிறதும் நீ, மனைக்கு ஆள் புடிக்கிறதும் நீ. ஒரே நேரத்துல ரெண்டு பந்தியில குந்தறியே, வயிறு தாங்குமா?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "கஸ்தூரி, சூடம் எட்தா."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். துபாய்க்கு அனுப்புகிறேன் என்றவன் அவரை ஏமாற்றினான். தண்ணியே நிக்காது என்று இந்த மனையை விற்றவனும் ஏமாற்றினான். அதற்கப்புறம், எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யாத எவன் வாக்கையும் அவர் ஏற்றதில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவனையே, எடை சரியென்று சூடம் அணைக்கச் சொன்ன மனிதர்.

தட்டில் வில்லையை வைத்துப் பற்றவைத்தார். ஃபேன் காற்றில் சுடர் ஒருக்களித்து ஆடியது.

"இவளுக்கு வேலை கெடைக்கும்னு அணை."

"நூறு பர்சென்ட் பிளேஸ்மென்ட்டுன்னு காலேஜே சொல்லுது அங்கிள்."

"காலேஜுக்குக் கை இல்ல. உனுக்குக் கீது. அணை."

விஷால் சிரித்தான். கையை நீட்டினான். பாதி வழியில் அவன் போன் அடித்தது. பிழைத்தோம் என்று அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

கிழவர் பேத்தியின் பக்கம் திரும்பினார். அவளுக்கு மட்டும் என்ன சலுகை? "நீ வாடி. பிசிக்ஸு படிச்சா வேலை கெடைக்கும்னு அணை, பாப்போம்."

"மாட்டேன்."

"ஏன், சுட்டுடுமா?"

"கெடைக்குமான்னு எனக்கே தெரியாது தாத்தா. தெரியாததுக்கு எப்படிச் சத்தியம் பண்றது?"

"அப்ப இன்னாத்துக்குப் படிக்கிற?"

"மத்ததப் படிச்சா தூக்கம் வருது. இதப் படிச்சா வந்த தூக்கமும் ஓடிடுது. வேலை கெடைக்கலன்னா அப்பா மாரி நானும் கம்பெனிக்குப் போறேன். ஆனா படிச்சிட்டுப் போறேன்."

"வாயப் பாரு நைனா!" என்றான் ஜெகதீசன்.

வீராசாமிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்? பிசிக்ஸ் என்றால் இன்னதென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் இத்தனை வயசில் அவரிடம் எதையாவது கேட்டு வந்து நின்றவர்களில், தெரியாது என்று சொன்ன ஒருத்தரைக்கூட அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. சோற்றில் அகப்பட்ட கல் மாதிரி அந்தச் சொல் பல்லில் நறநறத்தது.

கையெழுத்துப் போடாமலே பத்திரத்தை மடித்து விஷாலின் சட்டைப் பையில் செருகினார். "கெளம்பு. ஷூவ மறந்துடாத."

விஷாலின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. ஜெகதீசன் வெடித்தான். "நாளைக்கு வேலையில்லாம ஊட்ல குந்திகினா?"

"குந்தட்டும். என் மனையிலதான குந்தப்போவுது?"

"அதுல தண்ணி நிக்கிது நைனா!"

"தண்ணியிலயே குந்தட்டும். உனுக்கு இன்னா?"

ஜெகதீசன் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போய் வண்டியின் மேல் உட்கார்ந்தான். வண்டியை எடுக்கவும் இல்லை; உள்ளே வரவும் இல்லை.

மதிவதனி டப்பாவிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்து, அணையப்போன சுடரில் போட்டாள். தரையில் கன்னம் பதிய, தட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"தாத்தா, ஃபேன நிறுத்து."

வேர்வையில் அவர் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் அவருக்கு இதைச் செய், அதைச் செய் என்று சொன்னவர் யாருமில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார்.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஒருக்களித்து ஆடிக்கொண்டிருந்த சுடர் மெல்ல நிமிர்ந்தது.