மாப்பிள்ளை தேடும் கணக்கு

எலப்புள்ளியில் செருப்புக்கடை வைத்திருக்கும் சைனுதீனுக்குக் காலை பத்தரை மணிக்கு வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது. கிரெடிட் கார்டில் மூவாயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கிறார்கள். எடுத்தது யாரென்று எழுத்துக்கூட்டிப் படித்தார். ஷஹ்லாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ரெண்டு வருஷம் முன்னால் சேர்ந்த கல்யாணத் தளம்.

மகளுக்கு நிக்காஹ் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

அந்தத் தளத்தின் உதவி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். அனுப்பிரியா என்று பெயர் சொன்ன பெண் நல்ல தமிழில் பேசினாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா தானா புதுப்பிக்கிற மாதிரி நீங்கதான் சார் சம்மதம் குடுத்திருக்கீங்க. இது நாலாவது தடவை."

"கல்யாணம் ஆயிருச்சும்மா என் பொண்ணுக்கு!"

"அப்படியா சார்? இங்கே திருமணம் ஆகாதவர்னுதான் இருக்கு. போன மாசம்கூட நாப்பத்தோரு பேர் பார்த்திருக்காங்க."

பச்சைத் துப்பட்டாவும் சிரிப்புமாக மகளின் போட்டோ இன்னும் ஊர் பார்க்கக் கிடக்கிறது. "அழிங்கம்மா, இப்பவே அழிங்க" என்றார். கணக்குக்குள் நுழைந்து அவரேதான் அழிக்க வேண்டும், பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்றாள் அவள்.

ஓ.டி.பி. கேட்டு அமுக்கினார். வரவில்லை. திரும்ப அமுக்கினார். அதற்குள் குப்பண்ணன் வந்து எட்டாம் நம்பர் செருப்பு கேட்க, ஒரு காலுக்கு எட்டும் மறு காலுக்கு ஒன்பதுமாக எடுத்துப் போட்டார்.

"ஏனுங்க பாய், ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார் குப்பண்ணன்.

மூன்றாம் தடவை அமுக்கியபோதுதான் திரையில் கீழே இருந்ததைக் கவனித்தார். அறுபத்து நாலில் முடியும் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம். அது அவர் நம்பர் இல்லை. வரன் பேசுகிறவர்கள் கூப்பிடட்டும் என்று தனியாக ஒரு போனும் சிம்மும் வாங்கியிருந்தார். கல்யாணம் முடிந்ததும் அது அலமாரியில் கிடந்தது. போன ஜனவரியில் மருமகன் அஷ்ரஃபின் போன் தண்ணீரில் விழுந்துவிட, ஷஹ்லா வந்து அதைத்தான் எடுத்துப் போனாள். இன்றைக்கும் அவன் கையில்தான் இருக்கிறது.

மூன்று ஓ.டி.பி.யும் மருமகனுக்குப் போயிருக்கிறது. அவனோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மார்ச்சில் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது அஷ்ரஃபுக்கு வேலை போனது. அதற்குப் பிறகு அவன் இங்கே வருவதே குறைந்தது. பெருநாளைக்கு வந்தவன் சாப்பிட உட்காராமல் கிளம்பிவிட்டான். வேலை போன கூச்சம் என்று இவரும் மனைவி மெஹருன்னிசாவும் பேசிக்கொண்டார்கள். கூச்சம்தானா?

கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மருமகன் இருக்கும் புதுநகரம் போகிற வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

தன் அண்ணனின் டயர் கடையில் அஷ்ரஃப் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றுக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாரைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான்.

"மூணு தடவை வந்துச்சு மாமா. நம்பர் வேணுமுங்களா?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"மாப்ளே, அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதுங்க. கார்டுல அதுவா எடுத்துட்டு இருந்திருக்கு. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

அஷ்ரஃப் தரையைப் பார்த்தான். "முதல்ல வரன் மெசேஜ் வந்தப்ப, பழைய குப்பைன்னு விட்டுட்டனுங்க. ஏப்ரல்ல, பணம் கட்டிப் புதுப்பிச்சாச்சுன்னு வந்துச்சு. மார்ச்சுலதான் எனக்கு வேலை போச்சு."

ஆறு மாசம். வேலை போனதும் வேறு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று ஆறு மாசமாக இந்தப் பையன் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான்.

"ஷஹ்லாகிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

டயர் அடுக்கின் மேலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது ஓ.டி.பி. வந்தது. அஷ்ரஃப் வாசிக்க, சைனுதீன் ஒவ்வொன்றாக அடித்தார். கணக்கு திறந்தது. விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியல் நீண்டு கிடந்தது. துபாய் என்ஜினியர் ஒருவனின் படத்தில் அஷ்ரஃபின் கண் ஒரு நொடி நின்றது. கணக்கை மூடும் இடத்தைத் தேடித் தேடிக் கடைசியில் அவனேதான் கண்டுபிடித்தான். காரணம் கேட்டது. 'திருமணம் முடிந்தது' என்பதை அழுத்தினான். கார்டுக்குக் கொடுத்திருந்த சம்மதத்தையும் ரத்து செய்தான்.

"இந்தத் தடவை எடுத்த பணம் திரும்ப வருமுங்களா மாமா?"

"வராட்டிப் போகுது."

அஷ்ரஃப் டீ வாங்கிக் கொடுத்தான். "ஷஹ்லாகிட்ட நானே சொல்லிக்கிறனுங்க" என்றான். மன்னித்தானா, பொறுத்துக்கொண்டானா என்று சைனுதீனுக்குப் பிடிபடவில்லை. ஸ்கூட்டரில் ஊருக்குத் திரும்பினார்.

பாதி வழியில் போன் அடித்தது. ஷஹ்லா. அவள் வேலை பார்க்கும் லேபிலிருந்து பேசினாள். வண்டியை ஓரம் கட்டினார்.

"அத்தா, இப்பத்தான் அவர் போன்ல எல்லாத்தையும் சொன்னாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்க ஒரு மெசேஜைப் படிக்கலை. அவர் படிச்சுட்டு வாயைத் திறக்கலை. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாரே, நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஆறு மாசமா நானில்ல தேடிட்டு இருந்தேன்!"

லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. அது போகும்வரை சைனுதீன் காத்திருந்தார்.

"தப்பு என்னோடதும்மா" என்றார்.

அவள் அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள். "அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்லிக்கிறேன்."