மானியம் பெறாத வீட்டின் வெற்றிக் கதை

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல, போனில் வந்தது. "முந்நூறு வார்த்தை, ஒரு போட்டோ, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார் மின்துறையின் பிரசுர அதிகாரி. கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் கூடவே பேட்டரியும் வாங்கிப் பொருத்தினால், அரசு பாதி விலையை மானியமாகத் தருகிறது. அப்படிப் பலன் பெற்ற ஒரு குடும்பத்தைப் பற்றி, படிப்பவர் நெஞ்சைத் தொடும்படி நான் எழுத வேண்டும். நான் நாவல் எழுதுகிறவன். நாவல் சோறு போடாததால் கையேடும் எழுதுகிறவன்.

அந்த வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே தொடக்கத்தை எழுதிவிட்டேன்:

மின்தடை என்ற சொல்லையே அந்த இல்லம் மறந்துவிட்டது. சூரியன் மறைந்த பின்னும் அங்கே

அங்கே என்ன என்பதை நேரில் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். வாக்கியம் அப்படியே தொங்குகிறது. தொங்கட்டும். எவ்வளவு அவசரமாகப் பொய் சொல்ல நான் தயாராக இருந்தேன் என்பதற்கு அதுவே சாட்சி.

2

கதவைத் திறந்தவர் பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு ஷிஃப்ட். சீருடை போட்டுத் தலையைப் பின்னியிருந்தார். ஒரு காலில் மட்டும் ஷூ. மற்ற ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். சன்னலோரம் நாற்காலியில் அவருடைய கணவர், மூக்கில் மெல்லிய குழாயுடன். காலடியில் சின்னப் பெட்டி அளவுக்கு ஒரு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது; காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின். இருபத்திரண்டு வருடம் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். நுரையீரல் போய்விட்டது.

"எத்தனை கார் கலர் உள்ள போயிருக்கு தெரியுமா சார்? ஸ்கேன் பாத்த டாக்டர் எந்த மாடல்னு கேட்டாரு" என்றார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் கேள்வித்தாளை எடுத்தேன். "மானியம் கைக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் ஷூவைக் கீழே வைத்துவிட்டு, டிவிக்கு அடியிலிருந்த கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"விண்ணப்பதாரர், ஒப்புதல் ஆணை வழங்கப்படுவதற்கு முன்னரே மின்சேமிப்புக் கலத்தைத் தாமாக நிறுவிக்கொண்டுள்ளபடியால், ஊக்கத்தொகைக்கான தேவை எழவில்லை எனக் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

[இவ்வளவு ஈரமில்லாத ஒரு வாக்கியத்தைத் தனியாக உட்கார்ந்து எழுத என்னால் முடியாது. இதற்கு ஒரு குழு வேண்டும்.]

"அப்ப பலன் பெற்றவங்க லிஸ்ட்ல உங்க வீடு எப்படி வந்துச்சு?"

"அதை உங்ககிட்ட கேக்கலாம்னுதான் நானும் உட்கார்ந்திருக்கேன்."

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். துறையிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. மானியம் கொடுக்க ஒன்று. இந்த வருடம் எத்தனை வீடுகளில் பேட்டரி ஏறியது என்று மார்தட்டிக்கொள்ள ஒன்று. முதல் பட்டியலிலிருந்து இவர்களை அடித்துவிட்டார்கள். இரண்டாவதில் பத்திரமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

3

அவர் ஏன் ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை? இந்த இடத்தை எழுதப் பலமுறை முயன்றேன்.

அன்று வானம் கருத்து (இல்லை, வெயில் கொளுத்தியது.)

விதி அவரை (விதி ஒன்றும் செய்யவில்லை. விதிமுறைதான் செய்தது.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கூரையில் நான்கு வருடமாகவே சோலார் உண்டு.* மானியத் திட்டம் அறிவித்த முதல் வாரமே விண்ணப்பித்துவிட்டார். நாற்பத்தாறு நாள் ஒப்புதல் வரவில்லை. கரண்ட் போனால் சமாளிக்க மூலையில் ஒரு சிலிண்டர் நின்றது. அதன் வால்வை ஸ்பேனர் போட்டுத் திருக வேண்டும். அந்தத் தெம்பு கணவருக்குக் கிடையாது. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் வந்து திறந்துவிடுவார்கள்.

நாற்பத்தேழாம் நாள் மதியம், கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை. திரும்பும் வழியில் சிக்னல் விளக்கு எரியவில்லை, அந்தப் பகுதியிலேயே கரண்ட் இல்லை என்பதைப் பார்த்ததும் பேருந்தைத் தன் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். உள்ளே பத்தொன்பது பயணிகள்.

"அம்மா, இது ரூட் இல்லையே!"

"தெரியும்ங்க. என் வீட்டுக்காரர் மூச்சு விடறாரான்னு பாத்துட்டு வந்துடறேன். அவசரம்னா இறங்கிக்குங்க. மன்னிச்சுக்குங்க."

யாரும் இறங்கிப் போகவில்லை. இரண்டு பேர் அவர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கணவர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி, உதடு நீலம் பாரித்து, தரையில் விழுந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தால் நிமிர முடியாது என்று தெரிந்து, அது அடிக்க அடிக்கக் குனியாமல் நின்றிருக்கிறார். ஓடி வந்தவர்களில் ஒருவர் குழாய் ரிப்பேர்காரர். அவர்தான் சிலிண்டரைத் திறந்தார்.

பாதை மாறியதற்காக ஓட்டுநரை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த வாரத்திலேயே தவணையில் பேட்டரியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார். ஒன்பது நாள் கழித்து ஆய்வாளர் வந்தார், சுவரைப் பார்த்தார், பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

காத்திருக்க முடிந்தவருக்கு உதவி உண்டு. காத்திருக்க முடியாதவருக்குத் தேவையே இல்லை. இப்படி ஒரு விதியை நல்ல காற்றோட்டமுள்ள ஓர் அறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, யாரோ படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

* "கூரைமேல வெயில் கொட்டுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: தெருவில் கரண்ட் போனால் இந்த மாதிரி பேனல்களும் தாமாக நின்றுவிடும். பேட்டரி இருந்தால்தான் வீட்டுக்குள் மின்சாரம்.

4

மானிய அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டர்காரரை முதல் பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். தொந்தி, ஏப்பம், காதில் போன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உண்மையில் அவர் ஒல்லி. நிராகரிப்புக் கடிதத்துடன் போன ஓட்டுநருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி வழியும் சொன்னார்.

"மேடம், பேட்டரியைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சிடுங்க. புதுசா அப்ளை பண்ணுங்க. இன்ஸ்பெக்டர் வந்து வெறும் சுவரைப் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் மாட்டிக்குங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம். மூணுன்னே வெச்சுக்குங்களேன்."

"அதுவரைக்கும் இவரு மூச்சைக் கழட்டி எந்தக் கட்டிலுக்கு அடியில வைக்கறது?"

அவர் மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். வில்லன் இல்லாமல் இவ்வளவு அநியாயம் நடக்க முடிகிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

5

இனி என் பங்கு.

அந்தக் கடிதத்தைப் படித்த அன்று, "இதை நான் எழுதறேன்" என்று வீறாப்பாகச் சொன்னேன். அதை நம்பித்தான் ஓட்டுநர் பேட்டரிக்குப் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். பிரசுர அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சார், மானியம்ங்கற பேச்சையே எடுக்காதீங்க. வீட்ல பேட்டரி இருக்கு. கரண்ட் போனாலும் மெஷின் ஓடுது. அவங்க நிம்மதியா இருக்காங்க. இதுல எது பொய்?"

எதுவும் பொய்யில்லை. எழுதிக் கொடுத்தேன். [ஏன் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். அடுத்த வேலையும் அவர்தான் தர வேண்டும்.] தலைப்பை அவர்கள் வைத்தார்கள்: "மானியத்தால் மூச்சுவிடும் இல்லம்". துறையின் கையேட்டில் பதினான்காம் பக்கம், வண்ணப் படத்துடன்.

இரண்டு மாதம் கழித்து மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது: "விண்ணப்பதாரர் இத்திட்டத்தின் பலனை ஏற்கெனவே அடைந்துள்ளார் என்பது துறையின் கையேடு, பக்கம் பதினான்கின் வாயிலாக உறுதியாவதால்

மீதியை எழுதக் கை வரவில்லை.

6

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய முடிவில் கணவர் இறந்துபோகிறார். பேட்டரியைக் கழற்றுகிறார்கள், ஆய்வாளருக்காகக் காத்திருக்கிறார்கள், மதியம் கரண்ட் போகிறது. நன்றாகவே வந்திருந்தது. கடைசிப் பத்தியில் எனக்கே கண் கலங்கியது. அதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்பது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கணவர் முழுவதையும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா சார்? என்னைக் கொன்னாதான் உங்க கதைக்குக் கரண்ட் வருமா?"

ஓட்டுநர் சிரிக்கவில்லை.

"இவரு செத்தாதான் அந்த ரூல் தப்புன்னு ஆகுமா? உயிரோட இருந்தா ரூல் சரியாயிடுமா? நான் நாய் மாதிரி ஓடி இவரைக் காப்பாத்தி வெச்சிருக்கேன் சார். காப்பாத்திட்டேன்ங்கறதாலதான் தேவை இல்லைன்னு அவங்க எழுதினாங்க. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க."

கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நான் என்ன எழுதட்டும், சொல்லுங்க."

"கதை வேணாம். லெட்டர் எழுதுங்க. மறுபடி அப்பீல் பண்ணியிருக்கேன், புதன்கிழமை கடைசி விசாரணை."

7

அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

மிகுந்த மனவேதனையுடனும் ஆழ்ந்த குற்றவுணர்வுடனும்

"அது உங்களைப் பத்தி. எடுங்க" என்றார் ஓட்டுநர்.

ஈவிரக்கமற்ற இந்த நிர்வாகம்

"அதைப் படிச்சா அங்கயே மூடி வெச்சிடுவாங்க. எடுங்க."

எடுக்க எடுக்க, மிஞ்சியது இவ்வளவுதான்:

"கையேட்டின் பதினான்காம் பக்கத்தை எழுதியவன் நான். இவர்களுக்கு மானியம் கிடைக்கவில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆதாரமாகாது. நேரில் வந்து சொல்லத் தயார்."

கையெழுத்துப் போட்டேன். நான் எழுதியதிலேயே ஓர் உவமைகூட இல்லாதது இதுதான். துறையிலிருந்து இனி எனக்குப் போன் வராது.

8

புதன்கிழமை நானும் ஓட்டுநரும் போனோம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் என் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு நீங்க எழுதினது தப்புன்னா, இன்னைக்கு எழுதினது மட்டும் சரின்னு நாங்க எப்படி நம்பறது?"

ஓட்டுநர்தான் எழுந்தார்.

"இவரை நம்ப வேணாம் மேடம். மூணு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க. பேட்டரியை உங்க கையால கழட்டுங்க. மெயின் சுவிட்சையும் நீங்களே அணைங்க. அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேவை இருக்கா இல்லையான்னு பாருங்க. எவ்வளவு நேரம் பாக்க முடியுதோ, பாருங்க."

ஓரத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். "உத்தரவு தபாலில் வரும்" என்றார்கள்.

இதை எழுதும் இந்த நாள் வரை வரவில்லை. வந்துவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன், கிழித்துவிட்டேன். வராமலே போனதாக இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். அந்த முடிவை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் அப்படிப்பட்ட மேசைக்குப் பின்னால் உட்காருகிறவராக இருப்பீர்கள். உங்களுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நெஞ்சைத் தொட வேண்டியதில்லை. உத்தரவு ஒரு வரி இருந்தால் போதும். அதற்கடியில் "எனக் கருதப்படுகிறது" என்கிற மாதிரி ஆளில்லாத சொல்லை வைக்காதீர்கள். உங்கள் பெயரை எழுதுங்கள்.