வெளுத்த நாற்றும் ஒரு முக்காலியும்

என் மருமகள் வளர்த்த நாற்றுகள் எவ்வளவு வெளுப்பு என்றால், விளக்கை அணைத்த பிறகும் அவற்றின் வெளிச்சத்தில் நான் செய்தித்தாள் படித்திருக்கிறேன். நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம். செய்தித்தாள் இன்னும் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஏசி படுத்துவிட்டதால், நாற்றுத் தட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து பின்னறை அலமாரியில் டியூப்லைட்டுக்கு அடியில் அடுக்கியிருந்தாள். விளக்குச் சூடு முழங்காலுக்கு இதமாக இருந்ததால் நானும் அங்கேயே முக்காலி போட்டுக் குடியேறினேன்.

"என்னம்மா, எல்லாத்துக்கும் சோகையா?"

"இல்ல மாமா. முளை வளரணும்னா ஒவ்வொரு செல்லும் தன்னோட மரபுச் செய்தியைப் பிரதி எடுக்கணும். அதுக்கு நியூக்ளியோடைடுன்னு குட்டிக் குட்டிச் செங்கல் வேணும். இதுங்களுக்குப் பழசைப் பொறுக்கிக் கட்டத் தெரியும், புதுசா செய்ய வராது. தாய்ச்செடி விதைக்குள்ள வச்சு அனுப்பினது தீர்ந்ததும் பச்சை பிடிக்காம வெளுத்துடும்."

"என் மகன் மாதிரி."

"அவர் எங்க மாமா வெளுத்தாரு, பெருத்துட்டுல்ல வர்றாரு."

ஆனால் அவளுடைய ஆராய்ச்சிக்கூடத் தலைவரம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. நோய் பிடித்த விதை, அவ்வளவுதான் என்றார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிட்டு இவளை வேறு வேலைக்குத் தள்ளிவிடுவார். மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சம்பந்தி, அவளுடைய அப்பா. ஆயுள் முழுக்க பேக்கரியில் மாவு பிசைந்தவர். அவர் உயரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். கல்யாணத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"பாவம், பச்சப்புள்ளைங்க" என்றார் நாற்றுகளைப் பார்த்து. மகள் வேலைக்குப் போனதும் ஈஸ்டைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, தட்டுதட்டாக ஊற்ற ஆரம்பித்தார். "உப்பாத மாவுக்கும் இதான், தேறாத செடிக்கும் இதான்."

மேல் தட்டு எட்டவில்லை. எக்கினார். குதித்தார்.

"சம்பந்தி, கொஞ்சம் எந்திரிங்க. முக்காலி வேணும்."

"உக்காந்தாச்சே" என்றேன்.

"எந்திரிக்க முடியாதா?"

"முடியும். வேண்டாம்னு பார்க்கிறேன்."

தினமும் இதே பேச்சு. தினமும் மேல் தட்டு பட்டினி.

வெள்ளிக்கிழமை காலையில் அறைக்குள் போன மருமகள் அசையாமல் நின்றாள். கீழ்த் தட்டுகளில் ஒரே ராத்திரியில் அப்படி ஒரு பச்சை. அதைப் பார்த்துப் பறந்து வந்த வெட்டுக்கிளி ஒன்று ஜன்னல் கண்ணாடியில் மோதி மயங்கிக் கிடந்தது. நான்தான் தண்ணீர் தெளித்தேன்.

"அப்பா, என்ன ஊத்தினீங்க?"

"தண்ணி."

"அப்பா."

"ஈஸ்ட் போட்ட தண்ணி. கொதிக்கவச்சதும்மா."

சோதனையே கெட்டுப்போச்சு என்று தரையில் உட்கார்ந்தாள். வாசலில் தலைவரம்மாவின் கார் நின்றது. அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். மேல் தட்டு, வெள்ளை வெளேரென்று.

தலைவரம்மா உள்ளே வந்தபோது என் மருமகள் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். "ஒரே விதை, ஒரே விளக்கு மேடம். மேல இருக்கிறதுக்கு வெறும் தண்ணி. கீழ இருக்கிறதுக்கு ஈஸ்ட் சாறு. ஈஸ்ட்ல அந்தச் செங்கல் நிறைய இருக்கு. நோய்னா எப்படி மேடம் தேறும்?"

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஈஸ்ட்ல ஆயிரம் சத்து இருக்கும்மா."

"அதனாலதான் அடுத்து அந்தச் செங்கலை மட்டும் தனியா கொடுத்துப் பார்க்கணும்."

"சரி, பாரு. அதுவரைக்கும் மூடல." வாசல்வரை போனவர் திரும்பினார். "மேல் தட்டை மட்டும் விட்டுவச்சது நல்ல யோசனை. யாரோடது?"

சம்பந்தி மார்பை நிமிர்த்தினார். அப்படியும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

"ரெண்டு பேரோடதும்" என்றேன். "அவருக்கு எட்டல. நான் எந்திரிக்கல."

அடுத்த சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் தட்டை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. உட்கார்ந்தபடியேதான் இதை எழுதுகிறேன்.