கோவையில் இறங்கியவன்

சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் ஒண்ணேகால் மணி நேரம்தான். கோவையிலிருந்து பந்தலூர் எஸ்டேட்டுக்குக் காரில் ஆறு மணி நேரம். அப்பா ஞானசீலனின் அடக்கத்துக்கு வந்துகொண்டிருந்த ஷிஜோ, நாலு மணிக்கு நடுவட்டத்திலிருந்து அம்மா தபித்தாளுக்குப் போன் செய்தான்.

“நம்ம தமிழ்நாட்டு ஏர்போர்ட்டுன்னு கோயமுத்தூருல போய் எறங்கியிருக்கான். கோழிக்கோடுன்னா மூணு மணி நேரந்தான். படிச்ச படிப்பு!” குழி வெட்டிய ஆரோன் எரிந்து விழுந்தான். “அஞ்சுக்கு மேல கல்லறைக்கு ஆனை எறங்கிரும் அக்கா. பெட்டிய மூடிறலாமா?”

“அம்மா, ரெண்டு மணி நேரம் பொறுங்க. அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துக்கறேன்” என்றான் ஷிஜோ போனில்.

தபித்தாள் சுற்றி நின்ற இருபது பேரையும் பார்த்தாள். போன வருஷம் ஆனை மிதித்தவனை இதே பாதையில் தூக்கி வந்தவர்கள்.

“கூடலூருலயே தங்கிக்க ராசா. இருட்டுல வராத” என்றாள். பிறகு ஆரோனிடம், “ஆணி அடி” என்றாள்.