விசில் வராத மூச்சு

கண்டக்டருக்கு நுரையீரல் தழும்பேறிப் போயிருந்தது. "ரப்பர் மாதிரி விரிய வேண்டியது, பழைய செருப்பு மாதிரி விறைச்சுப் போச்சு. காரணம் தெரியல" என்றார் டாக்டர். உள்ளே இழுக்கிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் அதை நிறுத்திவிட்டு, ஆக்சிஜன் மெஷினோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

மருந்துக் குப்பியைச் செருகி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழல் தந்தார்கள். பலமாக இழுத்தால் அது விசில் அடித்தது. கண்டக்டருக்கு ஒரே குஷி. முப்பது வருஷம் விசிலோடு பிழைத்தவர். மனைவி போன பிறகு அந்த வீட்டில் குக்கர்கூட விசில் அடித்ததில்லை. இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மூன்று மாதம் கழித்து ஊதிப் பார்க்கிற சோதனையில் அளவு இன்னும் இறங்கியிருந்தது. சோதனை எடுக்கிற பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயா, மருந்து எடுக்கறீங்களா, அலமாரில வச்சு அழகு பாக்கறீங்களா?"

"ஒரு வேளை தவறினதில்லம்மா."

"எங்க, என் முன்னாடி இழுங்க."

இழுத்தார். அறை முழுக்க விசில். பெருமையாக நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, விசில் வந்தா தப்பு. வேகமா இழுக்கறீங்கன்னு அர்த்தம். மருந்தெல்லாம் தொண்டையிலயே மோதி நின்னுடும். அஞ்சு எண்ணுற வரைக்கும் மெதுவா இழுத்தாத்தான் அடிவரைக்கும் போகும். அப்புறம் பத்து எண்ணுற வரைக்கும் மூச்ச அடக்கணும்."

"விசில் அடிச்சாத்தானேம்மா வண்டி கிளம்பும்?"

"இந்த வண்டி விசில் அடிச்சா நின்னுடும். டாக்டர்கிட்ட சொல்லி இன்னும் ஒரு மாசம் வாங்கித் தரேன். உங்களுக்குக் காது மந்தம், சின்ன விசில் கேக்காது. வீட்ல யாரையாவது பக்கத்துல உக்காந்து கேக்கச் சொல்லுங்க."

"ஆகட்டும்மா" என்றார். யாரை என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"மருந்து இழுக்கறேன். விசில் கேக்குதான்னு மட்டும் சொல்லு."

"சீக்கிரம்ப்பா, கிளம்பிட்டிருக்கேன்."

இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டு, குப்பியை அழுத்தி, மெல்ல இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வீடு கப்சிப்பென்று இருந்தது. ஐந்து. மூச்சை அடக்கினார்.

"ஒண்ணும் கேக்கலையேப்பா."

அடக்கியபடியே பத்து வரைக்கும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

"அப்பா, இருக்கீங்களா?"

நான்கு. வாயைத் திறந்தால் மருந்து போய்விடும். போனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"லைன் போயிடுச்சு போல" என்று அங்கே யாரிடமோ சொன்னாள். போன் அணைந்தது.

எட்டு. ஒன்பது. பத்து முடிந்த பிறகுதான் மூச்சை விட்டார்.

"கேக்கலைல்ல?" என்றார் போனிடம். "அதான்மா வேணும்."