மூன்றாவது சிலிண்டர்

டச்சுக் கல்லறையைத் தாண்டும்போதே கார் விக்க ஆரம்பித்துவிட்டது. நைனா ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்சீட்டில் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் தலை என் தோள் எலும்பில் இடித்தது.

செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான். ஆண்டார்மடத்தில் வண்டி நின்றுபோய், வழியில் போனவர்களைக் கெஞ்சித் தள்ளவைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவுக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்திருந்தது. ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் வேறு ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் படுக்க வேண்டியவள், ஒரு வாரமாகப் படுக்கவே இல்லை. கால் வீங்கி மெட்டியைக் கழற்ற முடியவில்லை. இரண்டு ராத்திரியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு அடைத்தது.

"இன்னாய்யா, திரும்பியும் ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லமே. சூடு ஏறினா சரியாப் பூடும்."

"செவ்வாக்கெழமயும் இதத்தான் சொன்ன."

என் நைனா தேசப்பன் கடலில் பேசுவார், கரையில் பேச மாட்டார் என்று கோட்டைக்குப்பத்தில் சொல்வார்கள். கார் ஓட்டும்போது இரண்டும் கெட்டுப்போய் உட்கார்ந்திருப்பார். என்னைவிட நான்கு வயது மூத்த சின்னக் கார் அது. அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்த மாதம் வாங்கினார். அதே மாதம்தான் அவள் கூடப் போய்வர ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

திருப்பாலைவனம் வருவதற்குள் மூன்று முறை நின்று நின்று கிளம்பியது. மெக்கானிக் கங்காதரன் அண்ணன் ஷெட் எதிரில் நைனா வண்டியை நிறுத்தும்போது மணி எட்டு.

"வந்துட்டியா தேசப்பா? வெள்ளிக்கெழமயாச்சே, இன்னும் காணமேன்னு பாத்தேன்." கங்காதரன் அண்ணன் பல்லில் வேப்பங்குச்சியோடு எழுந்து வந்தார். "உன் வண்டி நாள் கெழம பாத்துதான்யா மக்கர் பண்ணுது. புதன்கெழம நானே ஓட்டிப் பாத்தேன், குதுர மாதிரி போச்சு. செவ்வா வெள்ளின்னா மட்டும் சாமி வருது." அதற்குள் பின்சீட்டைப் பார்த்துவிட்டார். குச்சியைத் துப்பினார். "இன்னாக்கா, மொகம் இப்பிடி கீது?"

"மெஷின்ல படுத்து ஒரு வாரம் ஆவுது" என்றேன்.

"நூத்தியெட்டுக்குப் போன் அடி தேசப்பா."

"வாணாம்" என்றாள் அம்மா. "எங்க குப்பத்துல அதுல ஏறிப் போன நாலு பேரும் படுத்துனேதான் வந்து எறங்கினாங்க. நீ வண்டியப் பாரு."

நைனா அடிக்கவில்லை. ஆட்டோ தாமோதரனுக்கு அடித்தார். அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கேயோ இருந்தான். திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். பொன்னேரி பஸ் ஒன்று வந்து நின்று போனது. படிவரைக்கும் கூடைக்காரப் பெண்கள் தொங்கினார்கள். அம்மாவால் அந்தப் படியில் கால் தூக்கி வைக்க முடியாது.

"பைப்புல காத்து புடிச்சிருக்கும்" என்றார் நைனா. "போட்ல இப்பிடி விக்கினா காத்துதான்."

"போட்ட உடுய்யா. மொதல்ல நான் பாக்கறேன்."

நைனா விடவில்லை. அவரே பெட்ரோல் வருகிற ரப்பர்க் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். இருமிக்கொண்டே துப்பினார். கடலில் எத்தனையோ முறை அப்படி உறிஞ்சி இன்ஜினைக் கிளப்பிக் கரை சேர்ந்தவர். குழாயைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி முன்பு போலவே விக்கியது. கால் மணி நேரம் போயிருந்தது.

"முடிஞ்சிச்சா உன் வைத்தியம்? தள்ளு" என்றார் கங்காதரன் அண்ணன். "பாப்பா, நீ முன்னாடி உக்காந்து ஆக்சிலேட்டர லேசா மிதிச்சிக்க. எடுக்காத, அமுத்தாத."

மிதித்துக்கொண்டேன். நடுக்கம் செருப்பு வழியாக முழங்கால்வரைக்கும் ஏறியது. இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், மூன்று ஒயர். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வேலை செய்கிற சிலிண்டராக இருந்தால், ஒயரைப் பிடுங்கியதும் வண்டி துவளும். முதல் ஒயரைப் பிடுங்கினார். வண்டி அமுங்கி, நின்றுவிடும்போல் உதறியது. திரும்ப மாட்டினார். இரண்டாவதைப் பிடுங்கினார். அதற்கும் உதறியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது என் காலுக்குக் கீழே ஒன்றுமே மாறவில்லை. பிடுங்கியதும் ஒன்றுதான், மாட்டியதும் ஒன்றுதான். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மூணாவது செத்துக் கெடக்குது. ரெண்டுதான் இழுக்குது."

"பிளக்கா?" என்றார் நைனா.

"பிளக் போன வாரந்தான் புதுசு போட்டேன். அதுக்குப் பொறி வரல. எங்கேந்து வரணுமோ அங்கேந்தே வரல."

ஒயர்களைப் பிடித்துக்கொண்டே போய், அவை சேருகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். கவிழ்த்தார். நான்கைந்து சொட்டுத் தண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்தது. மூடிக்குள் மூன்றாவது முனை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது.

அவர் கையை நைனாவிடம் நீட்டினார். "மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. யார்யா இதுல தண்ணி ஊத்தினது?"

"நான்தான்" என்றார் நைனா.

ஊற்றியது நான்.

கடலுக்குப் போய்வந்த இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவாமல் எங்கள் குப்பத்தில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. உப்பு ஒரே ராத்திரியில் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். காரும் கடலுக்கு நேராகத்தான் நிற்கிறது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் விடியற்காலையில் நைனா முன்மூடியைத் தூக்கி வைப்பார். "மேலேந்து ஊத்து, சந்து பொந்துல இருக்கற உப்பெல்லாம் எறங்கட்டும்" என்பார். நான் இரண்டு குடம் ஊற்றுவேன். லாரியில் வருகிற குடிதண்ணீர். மற்ற நாட்களில் ஊற்றுவதில்லை. அவ்வளவு தண்ணீர் எங்களுக்குக் கிடையாது. இன்றைக்கு வழி முழுக்க நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக மூன்று குடம் ஊற்றினேன்.

"உன் போட் இன்ஜின் டீசல்யா" என்றார் கங்காதரன் அண்ணன். கோபப்பட்டிருந்தால் தேவலை, மெதுவாகச் சொன்னார். "அதுல பொறி கெடயாது. அத நீ குளிப்பாட்டி, பொட்டு வெச்சி, பூகூட வெக்கலாம். இது பொறில ஓடுது. தண்ணி பட்டா அணைஞ்சிடும். வெயில்ல காஞ்சப்புறம் எங்கிட்ட கொண்டாந்தா எனக்கு இன்னா தெரியும்?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. கரிபடிந்த விரலால் அந்த மூடியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார்.

கதவு திறந்திருந்ததால் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஒரு டம்ளர் கேட்டா, அளவு தாண்டக் கூடாதுன்னு அர டம்ளர் குடுத்தீங்க" என்றாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இதுக்குக் கொடம் கொடமா ஊத்தினீங்களா? நல்லா இருக்குது ஞாயம்." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை.

கங்காதரன் அண்ணன் குனிந்து வேலையைத் தொடங்கினார். மூடியைத் துணியால் துடைத்தார். முனையை உப்புத்தாளால் தேய்த்தார். பக்கத்து டீக்கடைக்கு ஓடி, அடுப்புக்கு மேலே காட்டிக் காயவைத்துக் கொண்டுவந்தார். நான் அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் பட்ட இடமெல்லாம் குழிந்து, குழி அப்படியே நின்றது. நைனா ரோட்டில் இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார்.

மணி ஒன்பதரை. சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. விக்கல் இல்லை, உதறல் இல்லை.

"போ, போ, நிறுத்தாத போ" என்று கங்காதரன் அண்ணன் வண்டியின் பின்புறத்தைத் தட்டினார்.

இவ்வளவு நாளில் அந்தக் கார் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் வயல். சத்தம் அடங்கிவிட்டதால் அம்மாவின் மூச்சு நன்றாகக் கேட்டது. ஈரச் சாக்கை இழுப்பதுபோல் ஒரு சத்தம், பிறகு ஒரு இடைவெளி. திரும்ப அந்தச் சத்தம். இடைவெளி வரவர நீண்டது. நான் உள்ளுக்குள் எண்ணினேன். நான்கு. ஆறு. ஆறு. ஒன்பது. பிறகு எண்ணிக்கொண்டே போனேன், நாற்பது தாண்டிவிட்டது.

அவள் கன்னத்தைத் தட்டினேன். மூக்கருகே புறங்கையை வைத்தேன். ஒன்றும் படவில்லை. கண் பாதி திறந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேக்குதா, மே?" என்றார் நைனா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவ்ளோ சுத்தமா ஓடுது பாரு."

அவருக்குப் பதில் வேண்டும்போல் இருந்தது. கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, அம்மா தூங்குதா?"

சொன்னால் நைனா பிரேக்கை மிதிப்பார். நட்டநடு ரோட்டில், வயலுக்கு மத்தியில், நாங்கள் மூன்று பேரும் நிற்போம். ஒருவேளை டாக்டர்கள் ஏதாவது செய்வார்கள் என்றும் நினைத்தேன்.

"ஆமா நைனா."

"தூங்கட்டும். ரெண்டு நாளா தூங்கல."

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையும்போது பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நைனா மணியைப் பார்த்தார். "வந்துட்டம், டைமுக்கு வந்துட்டம்" என்று கூவினார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். கூட வந்த நர்ஸ் பின்கதவைத் திறந்து, அம்மாவின் கழுத்தில் விரலை வைத்தாள். வைத்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"வண்டிய ஆஃப் பண்ணுய்யா, உள்ள பொகையா வருது" என்று வாட்ச்மேன் கத்தினான்.

"இரு சார். ஆஃப் பண்ணா திரும்ப எடுக்குமோ எடுக்காதோ." நைனா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே ஸ்ட்ரெச்சர்காரர்களிடம் சொன்னார். "கால்ல பாத்துப் புடிங்க. வீங்கி கீது, வலிக்கும்."